கேமிங் விழாவில் கோயில் தொண்டர்களுக்கு என்ன வேலை?



கொஞ்சம் நீளமான பதிவு இது. நேரம் இருக்கும்போது முழுசா படிச்சிட்டு, அப்புறம் திட்டணும்னா திட்டுங்க.

போன வாரம் நம்ம தண்ணீர்ப் பந்தல் குழுவைச் சேர்ந்த எட்டுப் பேர் ஒரு கேமிங் விழாவில் நிற்கிற படம் வாட்ஸ்அப் குரூப்ல சுத்துச்சு. எங்க பக்கத்துல நீல முடி வெச்ச ஒரு பையன், கையில அட்டையில செஞ்ச பெரிய வாள். எங்க கையில வாக்கி டாக்கி. அதைப் பார்த்துட்டு சிலர் கேட்டாங்க: "கோயிலைக் கூட்டிப் பெருக்க ஆள் இல்ல. இவங்க கேம் விளையாடுற பிள்ளைங்களுக்கு எடுபிடியா போயிட்டாங்களா?"

கேள்வி நியாயமானதுதான். அதனால பதில் சொல்றோம். பதில் சொல்லும்போது எங்க தப்பு ஒன்னையும் சொல்ல வேண்டியிருக்கு.

முதல்ல எப்படிப் போனோம்னு சொல்லிடுறோம். நம்ம தாமான் பையன் ஒருத்தன். பேர் வேண்டாம், குடும்பத்தைப் பல பேருக்குத் தெரியும். 16 வயசுல நம்ம பந்தலுக்கு வந்து வேலை செஞ்சவன். அதுக்கப்புறம் வரவே இல்ல. "போன்லயே மூழ்கிட்டான், கேம் பைத்தியம் பிடிச்சிடுச்சு"ன்னு நாங்களே பேசியிருக்கோம். இப்ப அவனுக்கு 23 வயசு. ரெண்டு மாசத்துக்கு முன்னால கோயில் வாசல்ல நின்னு கேட்டான்: "அங்கிள், நாங்க கூட்டாளிங்க சேர்ந்து ரெண்டு நாள் கேமிங் விழா நடத்துறோம். ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் வரலாம். எங்களுக்குக் கூட்டத்தைப் பார்த்துக்கத் தெரியாது. தைப்பூசத்துல நீங்க எப்படிச் செய்றீங்கன்னு வந்து சொல்லித் தர முடியுமா?"

உண்மையைச் சொன்னா, எங்களுக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு. சரின்னு சொல்லிட்டோம்.

கேமிங் விழான்னா என்னன்னு எங்க வயசு ஆளுங்க நிறைய பேருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாதுதான். ஏதோ இருட்டு அறையில பிள்ளைங்க உக்காந்து சுடுற விளையாட்டு விளையாடுவாங்கன்னு நினைச்சோம். அங்க போனா ஒரு பெரிய மண்டபம். ஒரு பக்கம் மேடை, அதுல மொபைல் லெஜண்ட்ஸ் போட்டி. ஒரு பக்கம் வரிசையா கணினிகள். ஒரு மூலையில நம்ம காலத்து பழைய கேம் பெட்டிகள், அதுல அப்பாமாருங்க உக்காந்து பிள்ளைங்களுக்கு விளையாடிக் காட்டுறாங்க. காலேஜ் பிள்ளைங்க தாங்களே செஞ்ச கேமை மேசை போட்டு வெச்சிருந்தாங்க. படம் வரைஞ்சு விக்கிறவங்க, கேம்ல வர்ற பாத்திரம் மாதிரி உடை தெச்சுப் போட்டுட்டு வந்தவங்க. தமிழ், மலாய், சீனப் பிள்ளைங்க எல்லாரும் கலந்து இருந்தாங்க.

கோலாலம்பூர்ல 2002-ல தொடங்கின காமிக் ஃபியஸ்டாவைப் பத்திப் பல பிள்ளைங்களுக்குத் தெரியும். டிசம்பர் மாசம் கே.எல்.சி.சி. மாநாட்டு மையத்துல பெரிய கூட்டம் கூடும். நாங்க போனது அந்த அளவு இல்ல, சின்ன விழா. ஆனா சின்ன விழாவுலதான் வேலை எப்படி நடக்குதுன்னு நல்லா பார்க்க முடியும்.

நாங்க பார்த்ததை வரிசையா சொல்றோம்.

ஒன்னு, வேலைப் பங்கீடு. காலையில 7.30-க்கு எல்லாத் தொண்டர்களையும் கூப்பிட்டு நிக்க வெச்சாங்க. ஆளுக்கு ஒரு தாள். அதுல நீ எங்க நிக்கணும், எத்தனை மணிக்கு, உன்னை மாத்தி விட யார் வருவாங்க, பிரச்சினைன்னா யாரைக் கூப்பிடணும், எல்லாம் எழுதியிருந்தது. ஒரு ஷிப்ட் 4 மணி நேரம்தான். சாப்பாட்டுக் கூப்பன் தாளோடயே ஒட்டியிருந்தது, சைவம் தனியா குறிச்சிருந்தாங்க. எங்களில் பாதிப் பேர் பேக்டரி ஆளுங்க. லைன்ல ஆள் மாத்தி விடுறதுன்னா என்னன்னு தினமும் பார்க்கிறவங்க. அந்தத் தாளைப் பார்த்ததும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். பேக்டரியில தினமும் இதைச் செய்றோம். பந்தல்ல இத்தனை வருஷமா ஒரு தடவையும் செஞ்சதில்ல.

ரெண்டு, கரண்டு. கேம் விளையாடுற கணினி ஒன்னு திரையோட சேர்த்து 500 வாட் வரைக்கும் இழுக்கும். நம்ம 13 ஆம்பியர் சொக்கெட் ஏறக்குறைய 3,000 வாட் தாங்கும். அப்ப ஒரு சொக்கெட்ல அஞ்சு கணினிக்கு மேல போட்டா ஆபத்து. அந்தப் பிள்ளைங்க மண்டபத்துப் படம் வரைஞ்சு, எந்தச் சொக்கெட்டுக்கு எத்தனைன்னு எழுதி, வயரையெல்லாம் தரையில டேப் ஒட்டி வெச்சிருந்தாங்க. தண்ணி சுட வைக்கிற கெட்டிலை அந்தப் பக்கமே விடல. நம்ம திருவிழாவை நினைச்சுப் பாருங்க. ஒரு எக்ஸ்டென்ஷன்ல இன்னொரு எக்ஸ்டென்ஷன், அதுல பேன், ஸ்பீக்கர், சீரியல் லைட், கெட்டில். இதுவரைக்கும் ஒன்னும் ஆகாதது முருகன் புண்ணியம்தான். எல்லாத்தையும் முருகன் தலையில போடுறதும் சரியில்ல.

மூனு, போட்டி. மொபைல் லெஜண்ட்ஸ்ல ஒரு பக்கம் 5 பேர். 16 அணி வந்திருந்தாங்க. ரெண்டு தடவை தோத்தாத்தான் வெளியே போகணும்ங்கிற முறை. அந்தக் கணக்குல 30 ஆட்டத்துக்குக் குறையாது. ஒரு அணி பத்து நிமிஷம் லேட்டா வந்தா மத்த எல்லாம் தள்ளிப் போகும். அதனால 15 நிமிஷத்துல பேர் பதியலன்னா எதிரணிக்கு வெற்றி. யார் பிள்ளையா இருந்தாலும் அதேதான். ஏற்பாட்டுக் குழுப் பையனோட சொந்தத் தம்பி அணியே அப்படி வெளியே போச்சு. யாரும் போய் சிபாரிசு பேசல.

நாலு, மரியாதை. வாசல்ல ஒரு பலகை: உடை போட்டு வந்தவங்களைப் படம் எடுக்கணும்னா முதல்ல கேளுங்க, தொடாதீங்க. அதைப் பார்த்துக்கவே ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க சுத்திட்டு இருந்தாங்க. எங்களுக்குப் பத்துமலைதான் ஞாபகம் வந்துச்சு. அருள் வந்து நிக்கிறவங்க முகத்துக்கு நேரா போனை நீட்டி வீடியோ எடுக்கிறாங்களே, நாம யாராவது ஒரு பலகை வெச்சிருக்கோமா?

சரி, நாங்க அங்க என்ன செஞ்சோம்?

வரிசைக்குக் கயிறு கட்டினோம், பாம்பு மாதிரி வளைச்சு. உள்ளே வர வழி வேற, வெளியே போக வழி வேறன்னு பிரிச்சோம். நடுவுல அவசரத்துக்கு ஒரு ஆள் அகல வழி காலியா விட்டோம். வெயில்ல நிக்கிறவங்களுக்கு அவங்க கேக்கிறதுக்கு முன்னாடியே தண்ணி கொண்டு போய்க் கொடுத்தோம். பிள்ளை காணாமப் போனா எங்க வரணும்னு ஒரு மேசை போட்டு, ஒரு அக்காவை அங்கயே உக்கார வெச்சோம். சக்கர நாற்காலியில வந்தவங்களைத் தனி வழியில விட்டோம். எல்லாம் தைப்பூசம் சொல்லிக் கொடுத்த பாடம்தான்.

ரெண்டாம் நாள் மதியத்துக்கு முன்னாடி ஒரு சின்னக் கலவரம். இலவசப் பொருள் ஏதோ கொடுக்கப் போறாங்கன்னு மைக்ல சொல்லிட்டாங்க. எல்லாரும் ஒரே வாசலுக்கு நெருக்கிட்டாங்க. பயந்துபோன பிள்ளைங்க கதவைச் சாத்தப் போனாங்க. எங்க ஆள் ஒருத்தர் ஓடிப் போய்த் தடுத்தார். "தம்பி, கதவைச் சாத்தாதே. முன்னாடி நிக்கிறவன் நசுங்கிடுவான். அந்தப் பக்கக் கதவைத் திற, வரிசையைத் திருப்பி வெளியே விடு." கூட்டத்தை நிறுத்தக் கூடாது, திருப்பி விடணும். அஞ்சு நிமிஷத்துல சரியாச்சு. ஒருத்தருக்கும் அடி இல்ல. அன்னிக்கு அந்தப் பிள்ளைங்க எங்களைப் பார்த்த பார்வை இருக்கே, அது போதும் எங்களுக்கு.

இப்ப விமர்சனங்களுக்கு வருவோம்.

"கேம் விளையாட்டே வீண், அதுக்குப் போய் தொண்டா?"ன்னு ஒரு அண்ணன் எழுதியிருந்தார். வீண்னு ஒரேயடியா சொல்ல முடியாதுண்ணே. 2019-ல பிலிப்பைன்ஸ்ல நடந்த சீ விளையாட்டுப் போட்டியில இ-ஸ்போர்ட்ஸுக்குப் பதக்கம் கொடுத்தாங்க. 2023-ல ஹாங்சோவ்ல நடந்த ஆசிய விளையாட்டுலயும் கொடுத்தாங்க. மொபைல் லெஜண்ட்ஸோட முதல் உலகப் போட்டி 2019-ல நம்ம கோலாலம்பூர்லதான் நடந்தது. 2024-ல ரியாத்ல நடந்த போட்டியில நம்ம நாட்டு அணி செலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் ஜெயிச்சது.

அதுக்காக எல்லாப் பிள்ளையும் இதுல சம்பாதிக்கும்னு நாங்க சொல்லல. பெரும்பாலானவங்க சம்பாதிக்க மாட்டாங்க. பந்து உதைக்கிற எல்லாரும் நாட்டுக்கு ஆடுறது இல்லையே, அது மாதிரிதான். கெடுதலும் இருக்கு. உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறை நோய்ப் பட்டியல்லயே சேர்த்திருக்கு, 2019-ல ஏத்துக்கிட்ட பட்டியல் அது. நிறுத்த முடியாம விளையாடுறது, மத்த எல்லாத்தையும் விட அதையே பெருசா நினைக்கிறது, கெடுதல் வந்தும் விடாம இருக்கிறது, இது ஒரு வருஷ அளவுக்கு நீடிச்சு படிப்பு, வேலை, குடும்பம் பாதிக்கப்படுறது. இப்படி இருந்தா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், அடிச்சுத் திருத்துற விஷயம் இல்ல. பெற்றோர்கள் இதைக் கவனிச்சுக்கணும்.

ஆனா ஒன்னைப் பிரிச்சுப் பாருங்க. கதவைப் பூட்டிட்டு ராத்திரி 3 மணி வரைக்கும் விளையாடுற பிள்ளை வேற. ஆயிரம் பேர் வந்து சந்தோஷமா திரும்பிப் போகணும்னு மூனு மாசம் அலைஞ்சு மண்டபம் பிடிச்சு, வயர் இழுத்து, கடைசியில குப்பையும் அள்ளுற பிள்ளை வேற. இந்தப் பிள்ளை அறையை விட்டு வெளியே வந்துட்டான். அவனையும் சேர்த்துத் திட்டக்கூடாது.

அடுத்தது, "சம்பளம் இல்லாம வேலை வாங்குறாங்க, அதுக்குப் பேரு தொண்டா?"ன்னு ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. ரொம்ப சரியான கேள்வி. இதுல நாங்களும் கறார்தான்.

நம்ம கோயில் பிள்ளை ஒருத்தி முன்னே வேற ஒரு கேமிங் விழாவுக்குத் தொண்டரா போனா. அது ஒரு கம்பெனி லாபத்துக்கு நடத்தினது. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் 12 மணி நேரம் நின்னா. சாப்பாடு இல்ல, ஒரு டீ-சட்டை கொடுத்து அனுப்பிட்டாங்க. அது தொண்டு இல்ல, கூலி கொடுக்காத வேலை. டிக்கெட் பணம் ஒருத்தர் பைக்குப் போகுதுன்னா அங்க நிக்கிறவனுக்குச் சம்பளம் கொடுக்கணும், அவ்வளவுதான்.

அதனால பிள்ளைங்க எங்க தொண்டுக்குப் போனாலும் நாலு கேள்வி கேக்கச் சொல்லுங்க. மிச்சமாகிற காசு எங்க போகுது? எத்தனை மணி நேரம், மாத்தி விட ஆள் உண்டா? சாப்பாடு, தண்ணி, ராத்திரி வீட்டுக்குப் போக வழி என்ன? ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?

நாங்க இந்த விழாவுக்குப் போறதுக்கு முன்னாடி அந்தப் பையன்கிட்ட இந்த நாலையும் கேட்டோம். அவன் கணக்கைக் காட்டினான். டிக்கெட் 15 வெள்ளி. மண்டப வாடகை, கணினி வாடகை, இன்சூரன்ஸ், சாப்பாடு எல்லாம் எழுதியிருந்தது. மிச்சம் இருந்தா அடுத்த வருஷத்துக்கு. விழா முடிஞ்சு எட்டாம் நாள் முழுக் கணக்கையும் எல்லாத் தொண்டருக்கும் அனுப்பிட்டான். எங்களுக்கும் வந்துச்சு.

கணக்கைக் காட்டிட்டு அவன் சிரிச்சுக்கிட்டே ஒன்னு கேட்டான்: "அங்கிள், இந்த நாலு கேள்வியையும் நான் பந்தல்ல கேட்டிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

எங்களால பதில் சொல்ல முடியல. அப்பதான் அவன் ஏன் வர்றதை நிறுத்தினான்னு கேட்டோம். இத்தனை வருஷத்துல முதல் தடவையா கேட்டோம்.

அந்தத் தைப்பூசத்துல அவன் விடியக் காலை 4 மணிக்கு வந்தான். மத்தியானம் 3 மணி வரைக்கும் யாரும் அவனை மாத்தி விடல. சாப்பிட்டியான்னு கேக்கல. சிராப் தண்ணி டிரம்மைத் தூக்கும்போது கை வழுக்கிக் கொட்டிட்டான். எங்களில் ஒருத்தர், அவரும் இந்தப் பதிவைப் படிச்சிட்டுத்தான் போடச் சொன்னார், வர்ற போற பக்தர்கள் முன்னாடி அவனைக் கத்திட்டார். "ஒரு வேலைக்கு லாயக்கு இல்ல"ன்னு. அவன் தரையைத் துடைச்சிட்டு, ஏப்ரனைக் கழட்டி மேசையில வெச்சிட்டுப் போயிட்டான்.

எங்களுக்கு அது ஞாபகமே இல்ல. அவனுக்கு ஏழு வருஷமா ஞாபகம் இருக்கு.

கேம் அவனைக் கோயில்ல இருந்து இழுத்துட்டுப் போகல. நாங்கதான் அனுப்பி வெச்சோம். அவன் போய்ச் சேர்ந்த இடத்துல அவனுக்கு ஒரு தாளும், ஒரு பொறுப்பும், நேரத்துக்குச் சாப்பாடும் கிடைச்சது. இதுல அவனைக் குறை சொல்ல என்ன இருக்கு?

நம்ம குழுவைப் பாருங்க. இளசுன்னு சொல்றவருக்கே 45 வயசு. போன தைப்பூசத்துல ஆள் பத்தாம ராத்திரிப் பந்தலை 11 மணிக்கே மூடினோம். விடிய விடிய நடந்து வந்தவங்க காலி மேசையைப் பார்த்துட்டுப் போனாங்க. இப்படியே போனா இன்னும் அஞ்சாறு வருஷத்துல பந்தலே இருக்காது. "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பக்தி இல்ல"ன்னு சொல்லிட்டு நாம கையைக் கழுவிடலாம். ஆனா பக்தி இல்லாத பிள்ளைங்கன்னு நாம சொல்றவங்கதான் ரெண்டு நாள் லீவு போட்டு, காசு வாங்காம, முன்பின் தெரியாத ஆளுங்களுக்குத் தண்ணி கொடுத்தாங்க. ராத்திரி 10 மணிக்கு மண்டபத்தைக் கூட்டினாங்க. அப்பர் சுவாமிகள் கையில உழவாரத்தோட கோயில் கோயிலா போய்ப் புல் செதுக்கினவர். உடம்பால செய்ற வேலையையும் தொண்டுன்னு சொன்ன சமயம் நம்மது. அந்தக் கூட்டுற குணம் பிள்ளைங்ககிட்ட இருக்கு. விளக்குமாறை அவங்க கையில கொடுக்கும்போது நம்ம வாயைக் கொஞ்சம் அடக்கணும்.

அங்க இன்னொன்னும் கத்துக்கிட்டோம். விழா முடிஞ்ச அன்னிக்கே எல்லாரும் வட்டமா உக்காந்து அரை மணி நேரம் பேசினாங்க. எது நல்லா போச்சு, எது சொதப்புச்சு, அடுத்த தடவை என்ன மாத்தணும். கதவைச் சாத்தப் போன பையன் தானே எழுந்து சொன்னான், "அது என் தப்பு, இனிமே தெரியும்"னு. யாரும் அவனைக் கிண்டல் பண்ணல, எழுதிக்கிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனாங்க. நாம திருவிழா முடிஞ்சா என்ன செய்றோம்? வாட்ஸ்அப்ல சண்டை போட்டு நாலு பேர் குரூப்பை விட்டுப் போறாங்க.

அதனால வர்ற தைப்பூசப் பந்தலுக்கு நாங்க முடிவு பண்ணியிருக்கிறது இது. கமிட்டிகிட்டயும் சொல்லிட்டோம்.

4 மணி நேர ஷிப்ட், ஆளுக்கு ஒரு தாள். முதல்ல தொண்டருக்குச் சாப்பாடு, அப்புறம் வேலை. பந்தல் கணக்கு ரெண்டு வாரத்துல எல்லாருக்கும். கரண்டு வேலைக்கு ஒரே பொறுப்பாளர், அவர் சொன்னாத்தான் பிளக் சொருகணும். முடிஞ்சதும் உக்காந்து பேசுறது. பந்தலுக்குப் பொறுப்பாளரா 30 வயசுக்குக் கீழே ஒருத்தர். நாங்க அவர் சொல்ற இடத்துல நிப்போம். யாரையும் நாலு பேர் முன்னாடி கத்தக் கூடாது. கத்தினா அந்த ஆள் அன்னிக்கு வீட்டுக்குப் போகணும், அது யாரா இருந்தாலும்.

பெரியவங்க சில பேருக்கு இது பிடிக்காது. தெரியும். நாங்களும் பெரியவங்கதான், எங்களுக்கும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யுது. ஆனா ராத்திரி 11 மணிக்குக் காலியா இருந்த அந்த மேசை அதைவிட அதிகமா உறுத்துது.

அந்த அண்ணன் பையன்கிட்ட மன்னிப்புக் கேட்டார். விழா முடிஞ்ச ராத்திரி, மாமாக் கடையில, எங்க எல்லார் முன்னாடியும். நாலு பேர் முன்னாடி திட்டினதுக்கு நாலு பேர் முன்னாடிதான் கேக்கணும்னு அவரே சொன்னார். பையன் ஒன்னும் பேசல. தே தாரிக்கைக் கலக்கிக்கிட்டே இருந்தான்.

பந்தல் பொறுப்பை எடுத்துக்கிறியான்னு கேட்டோம். வர்றேன்னு சொல்லல, வரலன்னும் சொல்லல. "பாக்கலாம் அங்கிள், முதல்ல அந்தத் தாளை எழுதி அனுப்புங்க"ன்னான்.

எழுதிட்டு இருக்கோம்.

உங்க கோயில்லயும் இப்படி வர்றதை நிறுத்தின பிள்ளை ஒருத்தன் இருப்பான். ஏன்னு அவன்கிட்டயே ஒரு தடவை போய்க் கேட்டுப் பாருங்க.

முருகன் துணை.